பளபளன்னு ஒரு டிஸ்க், காணாமப்போன ஒரு முகம்

இன்னைக்கு எபிசோட் ஒரு தப்பான தீர்ப்புல இருந்து ஆரம்பிக்குது. தீர்ப்பு சொன்னது நான்தான்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு நண்பன் வீட்ல 'ஸ்பார்டகஸ்' ப்ளூ-ரே பார்த்தோம். ஸ்டான்லி குப்ரிக் இயக்கி, கிர்க் டக்ளஸ் நடிச்சு 1960-ல் வந்த படம். திரையில ஒரு புள்ளி, ஒரு கீறல் கிடையாது. "பழைய படம் மாதிரியே இல்லடா, பளபளன்னு இருக்கு"ன்னேன். அவன் படத்தை நிறுத்திட்டு, "அந்த முகத்தைப் பாரு"ன்னான். வேர்வை இருக்கு, வெயில் இருக்கு, தோலைத்தான் காணோம். மெழுகு பொம்மை மாதிரி ஒரு கிர்க் டக்ளஸ்.

அந்த முகத்துக்கு என்ன ஆச்சு?

ஸ்பார்டகஸ் எடுத்தது டெக்னிராமா முறையில. 35 மில்லிமீட்டர் பிலிமை மேலிருந்து கீழா ஓட்டாம, படுக்கை வாட்டத்துல ஓட்டுவாங்க. ஒரு ஃபிரேமுக்கு வழக்கத்தைவிட சுமார் ரெண்டு மடங்கு இடம் கிடைக்கும். அவ்வளவு நுணுக்கம் பதிவாகும். ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் மெட்டிக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கரும் கிடைச்சது.

அப்புறம் சோதனைக் காலம். 1967 மறுவெளியீட்டுக்காகப் படத்தை வெட்டினாங்க. ஒரிஜினல் நெகட்டிவோட கலர் வெளிறிப்போச்சு. 1991-ல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் அதை மீட்டெடுத்தப்போ கைகொடுத்தது கருப்பு-வெள்ளை பிலிம். மூணு நிறங்களையும் தனித்தனி கருப்பு-வெள்ளை பிலிமா அப்பவே எடுத்து வெச்சிருந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு கலர் சேனலுக்கும் தனி பேக்கப். கருப்பு-வெள்ளையில வெளிற சாயமே கிடையாதே!

சத்தத்துல இன்னொரு சிக்கல். சென்சார் வெட்டின ஒரு குளியலறைக் காட்சி கிடைச்சது, அதோட வசன ஒலி கிடைக்கலை. டோனி கர்ட்டிஸ் வந்து தன் வசனத்தைத் திரும்பப் பேசினார். லாரன்ஸ் ஒலிவியே 1989-லயே இறந்துட்டார். அவர் மனைவி ஜோன் ப்ளோரைட் கைகாட்டின ஆள் ஆண்டனி ஹாப்கின்ஸ். இன்னைக்கு அந்தக் காட்சியில வாயசைக்கிறது ஒலிவியே, குரல் ஹாப்கின்ஸ்!

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தின படத்துக்கு 2010-ல் ப்ளூ-ரே வந்தது. புதுசா ஸ்கேன் பண்ணாம, கையில இருந்த பழைய மாஸ்டரையே எடுத்து, அதுல டிஜிட்டல் நாய்ஸ் ரிடக்‌ஷனை அள்ளிக் கொட்டிட்டாங்க.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். பிலிம்ல பிம்பமே பொடிப்பொடித் துகள்களாலதான் உருவாகுது. அதைத்தான் கிரெய்ன்னு சொல்றோம். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறும். சாஃப்ட்வேர் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, எது நிலையா இல்லையோ அதை 'நாய்ஸ்'னு முடிவு பண்ணி அழிக்குது. தோலோட துளைகள், துணியோட இழை, பறக்கிற மணல் இதெல்லாமும் அதே மாதிரி பொடிசுதானே? சேர்ந்தே போயிடும். கிரெய்னை எடுத்துட்டு படத்தை மட்டும் வெச்சுக்கறேன்னு சொல்றது, நூலை உருவிட்டு புடவையை வெச்சுக்கறேன்னு சொல்ற மாதிரி. போன டேட்டா, ஷார்ப்னெஸை ஏத்தினா திரும்பி வராது. உருவங்களைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடுதான் வரும்.

அன்னைக்கு நான் 'சுத்தம்'னு பாராட்டினது இதைத்தான்.

1991-ல் படத்தை மீட்ட அதே ஹாரிஸ், இந்த டிஸ்க்கை வெளிப்படையா கடுமையா விமர்சிச்சார். ரசிகர்களும் விடலை. கடைசியில யுனிவர்சல் திரும்ப வேலையில இறங்கிச்சு, ஹாரிஸோட ஆலோசனையோட. 1991-ல் உருவான பெரிய பிலிமை 6கே-ல ஸ்கேன் பண்ணி, 4கே-ல மெருகேத்தி, 2015-ல் புது ப்ளூ-ரே விட்டாங்க. ரெண்டு டிஸ்க்கையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். முகத்துல தோல் திரும்பி வந்திருந்தது.

உங்க வீட்ல சோதிக்கணுமா? முதல்ல டிவியில நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் ரெண்டையும் அணைங்க. இல்லன்னா நீங்க தீர்ப்பு சொல்றது டிஸ்க்குக்கு இல்லை, டிவிக்கு. அப்புறம் ஒரு க்ளோசப்ல நிறுத்தி கன்னத்தைப் பாருங்க. வானத்துக்கு எதிரே நிக்கிற ஆளோட ஓரத்தைப் பாருங்க. சத்தத்துக்கு, யாரும் பேசாத ஒரு நொடியைக் கவனிங்க. பழைய படத்துல லேசான இரைச்சல் இருக்கலாம், தப்பில்லை. அதைத் துடைக்கிறேன்னு 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்கி, குரல் போர்வைக்குள்ள இருந்து வந்தாத்தான் தப்பு.

ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துது. அன்னைக்கு அவன் படத்தை நிறுத்தலைன்னா, 1960-ல் ஸ்பார்டகஸ் அப்படித்தான் இருந்ததுன்னு நான் காலத்துக்கும் நம்பியிருப்பேன். கீறல் விழுந்த படத்தைப் பார்த்தா ஏதோ தொலைஞ்சிருக்குன்னாவது தெரியும். பளபளப்பான படத்துல அதுவும் தெரியாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.