கழிவில் கிடைத்த விடை

கோடு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும்னு தெரியும். பெரும்பாலும் எல்லாம் நின்றுபோகும். எனக்குப் பிடித்த வரலாறு ஒன்றில் நேர் எதிராக நடந்தது: ஒரு எழுத்து மாறியவை மட்டும் பிழைத்தன.

1970-ல் மான்சான்டோவில் வேலை பார்த்த ஜான் ஃபிரான்ஸ், கிளைஃபோசேட் செடிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1974-ல் அது ‘ரவுண்டப்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. செடிக்குள் ஈபிஎஸ்பிஎஸ் என்றொரு நொதி உண்டு. மூன்று அமினோ அமிலங்கள் தயாராக அது வேண்டும். அந்த நொதியில் பெப் என்ற மூலக்கூறு வந்து உட்கார ஒரு குழி இருக்கிறது. கிளைஃபோசேட் முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடும். உற்பத்தி நிற்கும், செடி வாடிச் சாகும்.

பயிர், களை என்ற பேதம் மருந்துக்குத் தெரியாது. பயிர் மட்டும் தப்ப வேண்டுமென்றால் நொதியை மாற்றணும். ஆய்வகத்தில் முயன்றார்கள். குழிக்குள் இருக்கும் கிளைசினை எடுத்துவிட்டு அலனினை வைத்தால் கூடுவது ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அந்தச் சின்னப் புடைப்பு கிளைஃபோசேட்டைத் தடுத்தது. ஆனால் பெப்பும் சரியாக உட்கார முடியவில்லை. திருடனுக்காக வாசலைக் குறுக்கினால் வீட்டுக்காரருக்கும் வழியில்லை!

விடை லூசியானா மாநிலத்தின் லூலிங்கில் கிடைத்தது, அதுவும் கிளைஃபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவில். அங்கே வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் நொதியில் அதே இடத்தில் அலனின் இயல்பாகவே இருந்தது. பெப்பும் தடையில்லாமல் உட்கார்ந்தது. அந்த மரபணுவைச் சேர்த்த சோயா 1996-ல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. மக்காச்சோளத்துக்கு இன்னொரு வழி: அதன் சொந்த நொதியிலேயே இரண்டு இடங்களை ஆய்வகத்தில் மாற்றினார்கள்.

1997-ல் மான்சான்டோ ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பயிருக்கு இந்தத் தாங்குதிறனைக் கொண்டுவர இவ்வளவு சிக்கலான வேலைகள் தேவைப்பட்டன, இயற்கையில் களைகள் அதைத் திரும்பச் செய்ய வாய்ப்பு குறைவு என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. எனக்கு இந்த வாதம் ரொம்பப் பரிச்சயமானது. நமக்குக் கஷ்டமாக இருந்தது என்பதாலேயே அது நடக்காது என்று நம்புவது.

மலேசியாவில் கேழ்வரகின் நெருங்கிய உறவான ஒரு புல், குழியருகே ஒரு இடம் மாறி, மருந்தை ஓரளவு தாங்கத் தொடங்கியது. பிறகு இரண்டாவது இடமும் மாறிய செடிகள் அங்கேயே கிடைத்தன. 2015-ல் ஆய்வு வெளியானது. அந்த இரண்டும் மக்காச்சோளத்தில் விஞ்ஞானிகள் மாற்றிய அதே இரண்டு இடங்கள். மாற்றங்களும் அதேதான்.

புல்லுக்குத் திட்டம் எதுவும் இல்லை. கோடிக்கணக்கான விதைகளில் எங்கோ தற்செயலாக ஒரு பிழை விழும். மற்றவற்றையெல்லாம் கொன்று அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது வருஷா வருஷம் ஒரே மருந்தை அடித்த நாம்தான்.

ஜார்ஜியாவில் நம்ம தண்டுக்கீரையின் உறவான பால்மர் அமராந்த் நொதியை மாற்றவே இல்லை. அந்த மரபணுவையே பிரதியெடுத்தது, சில செடிகளில் 160 பிரதிகளுக்கும் மேல். மருந்து எத்தனை குழிகளைத்தான் அடைக்கும்? பிறகு டைகாம்பா என்ற வேறொரு மருந்தையும் தாங்கும் விதைகள் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பே ஜார்ஜியாவின் பருத்திக்காட்டுக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்து, பழையபடி கையால் களை பறிக்கத் தொடங்கியிருந்தார்கள்.