முகத்தூக்கு அறுவைக்குப் பின் கழுத்து வடிவக் குறைபாடுகள்

முதுமையால் தொய்ந்த கன்னத்தையும் தாடையோரத்தையும் உயர்த்திச் சீராக்கும் முகத்தூக்கு அறுவைக்குப் (ஃபேஸ்லிஃப்ட்) பிறகு, கீழ்த்தாடை விளிம்புக்கும் காறையெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில் காணப்படும் மேடு, பள்ளம், தசைப்பட்டை, தோல் தளர்ச்சி, சமச்சீரின்மை ஆகியன கழுத்து வடிவக் குறைபாடுகள் எனப்படும். இவற்றுள் சில, அறுவைக்கு முன்பே இருந்தும் கவனிக்கப்படாமலோ அரைகுறையாகத் திருத்தப்பட்டோ எஞ்சியவை; வேறு சில, அறுவை மருத்துவர் அளவுக்கு மீறி எதையேனும் அகற்றியதால் புதிதாக உண்டானவை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே திருத்தத்தின் முதற்படியாகும். எஞ்சிய குறையை மேலும் சிறிது அறுத்தும் தைத்தும் சரிசெய்துவிடலாம். இழந்த திசுவை மீட்பதோ பலமுறை முயன்றும் முழுமையாகக் கைகூடாத பணியாகும்.

உடற்கூற்று அடிப்படை

கழுத்தின் முன்புறத்தில் தோலுக்குக் கீழே ஒரு கொழுப்புப் படலமும், அதன் கீழே பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய, அகன்ற தசைத் தகடும் உள்ளன. மார்பின் மேற்பகுதியிலிருந்து மேலெழுந்து கீழ்த்தாடையைக் கடந்து முகத்தின் கீழ்ப்பகுதி வரை செல்லும் இத்தசையை, முகநரம்பின் கழுத்துக் கிளை இயக்குகிறது. தசையின் கீழே ஆழ்கொழுப்பும், மோவாயிலிருந்து பின்னோக்கிச் செல்லும் இருவயிற்றுத் தசைகளின் முன்பகுதிகளும், இருபுறமும் தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பிகளும், இவற்றுக்கெல்லாம் அடித்தளம் போன்ற நாவடி எலும்பும் அமைந்திருக்கின்றன. வெளியே தெரியும் ஒரே புடைப்பு இவற்றுள் எந்த அடுக்கிலிருந்தும் எழக்கூடும் என்பதால், தோலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பிழையில் முடிகிறது.

இடப்புற, வலப்புற பிளாட்டிஸ்மா தசைகள் நடுக்கோட்டில் சந்திக்கும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 1980-இல் கார்டோசோ டி காஸ்ட்ரோ வெளியிட்ட உடற்கூற்று ஆய்வின்படி, பெரும்பாலோரிடம், ஏறத்தாழ நால்வரில் மூவரிடம், மோவாய்க்குக் கீழே ஓரிரு செண்டிமீட்டர் அளவுக்கே தசைநார்கள் பின்னிப்பிணைகின்றன. அதற்குக் கீழே அவை விலகியே செல்கின்றன. சிலரிடம் பிணைப்பு கேடயக் குருத்தெலும்பு வரை நீள்கிறது. மற்றும் சிலரிடம் பிணைப்பே இல்லை. விலகிய தசையின் உள்ளோரங்கள்தாம் வயதாகும்போது தளர்ந்து, மோவாயிலிருந்து கீழ்நோக்கி ஓடும் செங்குத்துப் பட்டைகளாகத் தோன்றுகின்றன.

இளமையான கழுத்து என்பதற்கு எலன்போகன், கார்லின் ஆகிய இருவரும் 1980-இல் வகுத்த அளவுகோல்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. கீழ்த்தாடையின் கீழ்விளிம்பு தெளிவாகத் தெரிவது, நாவடி எலும்புக்குக் கீழே சிறு குழிவு தோன்றுவது, கேடயக் குருத்தெலும்பின் புடைப்பும், காதின் பின்னிருந்து மார்பெலும்பு வரை செல்லும் சாய்தசையின் முன்னோரமும் புலப்படுவது, மோவாய்க்கும் கழுத்துக்கும் இடையிலான கோணம் 105 முதல் 120 பாகை வரை இருப்பது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பக்கவாட்டுப் படத்தில் இக்கோணம் விரிந்திருக்கும் ஒருவருக்கு, முகம் எவ்வளவு நன்றாகத் தூக்கப்பட்டிருந்தாலும், அறுவையின் பயன் பாதியாகவே தெரியும்.

அறுவை முறைகளின் வளர்ச்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட முகத்தூக்கு அறுவைகள் தோலை மட்டும் நறுக்கி இழுத்துத் தைப்பவையாக இருந்தமையால், அவற்றின் பயன் கழுத்தை அதிகம் எட்டவில்லை. எட்டியதும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த டோர்ட் ஸ்கூக், தோலோடு அதன் அடியிலுள்ள தசைப்படலத்தையும் சேர்த்து உயர்த்தும் முறையை 1974-இல் விளக்கினார். 1976-இல் மிட்ஸ், பேரோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள், முகத்தின் மேலோட்டத் தசை-நார்ப்படலம் தனியான ஓர் அடுக்கு என்பதையும், அது கீழே பிளாட்டிஸ்மாவோடு தொடர்கிறது என்பதையும் விவரித்தனர். 1990-இல் சாம் ஹம்ரா ஆழ்தள முறையையும், ஃபெல்ட்மன் நடுக்கோட்டில் பிளாட்டிஸ்மாவைத் தொடர் தையலால் இறுக்கும் முறையையும் எழுதினர். இதற்கிடையே 1970-களின் இறுதியில் பரவத் தொடங்கிய கொழுப்பு உறிஞ்சல் (லைப்போசக்‌ஷன்), கழுத்தைச் செதுக்குவதை எளிதாக்கியது. எளிதானதால் மிகையாகவும் செய்யப்பட்டது. இன்று திருத்தம் நாடி வருவோரிடம் காணப்படும் கடினமான குறைபாடுகள் பல, அந்த மிகையின் விளைவுகளே.

குறைபாடுகளின் வகைகள்

எஞ்சிய குறைகளுள் அடிக்கடி காணப்படுவது பிளாட்டிஸ்மா பட்டை மீண்டும் தோன்றுவதாகும். காதருகே மட்டும் தசை இழுக்கப்பட்டு நடுக்கோடு தொடப்படாமல் விடப்பட்டாலும், நடுக்கோட்டில் இட்ட தையல் நெகிழ்ந்தாலும், அறுவை முடிந்த சில மாதங்களில் வீக்கம் வற்றும்போது பட்டைகள் வெளித்தெரிகின்றன. தாடையின் கீழே பக்கவாட்டில் உருண்டையாகத் தெரியும் புடைப்பு, பெரும்பாலும் கீழிறங்கிய உமிழ்நீர்ச் சுரப்பியாகும். முன்னர் அதை மூடியிருந்த கொழுப்பு நீக்கப்பட்டதும் அது புலப்படுவதால், நோயர் அதைப் புதிதாக வந்த கட்டி என்று அஞ்சுவதுண்டு. மோவாய்க்கு நேர்கீழே இருபுறமும் தெரியும் நீள்மேடுகள் இருவயிற்றுத் தசைகளால் ஆனவை.

மிகைத்திருத்தத்தால் வருவனவற்றுள் பெயர்பெற்றது ‘நாகப்படக் கழுத்து’. மோவாயின் கீழே நடுப்பகுதியில் கொழுப்பு மிகுதியாக அகற்றப்பட்டு, பிளாட்டிஸ்மாவின் உள்ளோரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் விடப்படும்போது, நடுவே பள்ளமும் அதன் இருமருங்கிலும் விரிந்த தசையோரங்களும் தோன்றி, படமெடுத்த நாகத்தின் கழுத்தை ஒத்த வடிவம் உருவாகிறது. தலை நேராக இருக்கும்போது தெரியாத பள்ளமும், பேசும்போதும் விழுங்கும்போதும் ஆழமாகிறது. தோலடிக் கொழுப்பை முற்றிலும் சுரண்டியெடுத்த இடங்களில், தோல் நேரடியாகத் தசையோடு ஒட்டிக்கொள்வதால், தசை சுருங்கும் போதெல்லாம் தோலும் உடன் இழுபட்டுச் சுருக்கங்களும் குழிகளும் விழுகின்றன. தோலின் நிறமும் மென்மையும்கூட மாறிவிடக்கூடிய இந்நிலை, நோயருக்கு மிகுந்த மனவேதனை தருவது. கழுத்தை மறைக்கும் உடையின்றி வெளியே செல்லத் தயங்குவோரும் உளர்.

மூன்றாம் வகை, ஆறும் காலத்தில் நேரும் சிக்கல்களால் வருவது. முகத்தூக்கு அறுவையின் சிக்கல்களுள் மிகுதியாக நேர்வது தோலடியில் குருதி தேங்கும் ஹீமட்டோமாவாகும். ஆண்களிடமும் உயர் குருதியழுத்தம் உடையோரிடமும் அது கூடுதலாகக் காணப்படுகிறது. உடனே அகற்றப்படாத குருதி, தோலின் உயிருக்கே தீங்காவதோடு, பின்னர் கட்டித் தழும்பாகவும் மேடாகவும் மாறுகிறது. புகைபிடிப்போரிடம் காதின் பின்னுள்ள தோலின் ஓரம் குருதியோட்டமின்றி இறந்துபோய் அகன்ற தழும்பு விழக்கூடும். அறுவையில் முகநரம்பின் கழுத்துக் கிளை பாதிக்கப்பட்டால் பிளாட்டிஸ்மா ஒருபுறம் செயலிழந்து, சிரிக்கும்போது கீழுதடு கோணுகிறது. இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆகவே அதை வடிவக் குறை என்று எண்ணி அறுவைக்கு விரைதல் கூடாது.

மதிப்பீடு

திருத்தம் நாடி வருபவரை ஆராயும்போது அறுவைக்கு முந்தைய ஒளிப்படங்கள் பெருந்துணையாகும். குறை பழையதா புதியதா என்பதை அவையே தீர்மானிக்கின்றன. பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கச் சொல்லி, தோலைக் கிள்ளிப் பார்க்கும்போது விரல்களுக்கிடையே அகப்படும் கொழுப்பு தசைக்கு மேலுள்ளது. இறுக்கியதும் விரலுக்கு அகப்படாமல் போவது தசைக்குக் கீழுள்ளது. சுரப்பியை, ஒரு விரலை வாய்க்குள்ளும் மற்றதை வெளியிலும் வைத்துத் தொட்டறியலாம். ஐயம் நீடித்தால் மீயொலிப் படம் எடுக்கப்படுகிறது. முந்தைய அறுவையின் குறிப்பேடு கிடைக்குமானால், என்னென்ன நீக்கப்பட்டன, தையல் எந்த அடுக்கில் இடப்பட்டது என்பவை ஊகத்துக்கு இடமின்றித் தெரியவரும்.

காலம்

பெருகிவரும் குருதித் திரட்சிக்குக் காத்திருத்தல் என்பதே இல்லை. மூச்சுப்பாதையை அழுத்தக்கூடுமாதலால் அது உடனடியாக அகற்றப்பட வேண்டும். நிணநீர் போன்ற திரவம் தேங்கினால் ஊசியால் உறிஞ்சி அழுத்துக்கட்டு இடப்படுகிறது. இவை தவிர்த்த ஏனைய மேடுபள்ளங்களில், தொடக்க மாதங்களில் தென்படும் கெட்டித்தன்மை பெருமளவு வீக்கமும் முதிராத் தழும்புமே ஆதலால், மென்மையாக நீவிவிடுதலும் பொறுமையும் போதுமானவை. கெட்டித்த இடத்தில் ஸ்டீராய்டு மருந்தை ஊசியால் செலுத்துவதுண்டு. அளவு மிகுந்தால் அதுவே கொழுப்பையும் தோலையும் மெலியச் செய்து புதிய பள்ளத்தை உண்டாக்கும். மறு அறுவை பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்தே மேற்கொள்ளப்படுகிறது.

திருத்த முறைகள்

பட்டைகளுக்கு, மோவாய் மடிப்பை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னே சிறு கீறலிட்டு, பிளாட்டிஸ்மாவின் இரு உள்ளோரங்களையும் நடுக்கோட்டில் இணைத்துத் தைப்பர். தேவையாயின் தசையைக் கழுத்தின் தாழ்ந்த மட்டத்தில் குறுக்கே ஓரளவு வெட்டி அதன் இழுவிசையைக் குறைப்பர். மிக மேலே வெட்டினால் வெட்டுக்கோடே வெளித்தெரியும். லேசான பட்டைகளுக்கு பொட்டுலினம் நச்சு ஊசி தற்காலிகத் தீர்வாகிறது. சில மாதங்களே நிற்கும் இதன் ஒரு வகையைப் பிளாட்டிஸ்மா பட்டைகளுக்குப் பயன்படுத்த, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் ஒப்புதல் அளித்தது. அளவு மிகுந்தால் விழுங்குவதில் இடர் நேரலாம்.

நாகப்படக் கழுத்தில் முதலில் தழும்பு ஒட்டுகளை விடுவித்து, விலகிய தசையோரங்களை அணைத்துத் தைத்து, பக்கவாட்டில் எஞ்சிய கொழுப்பைச் சிறிது குறைத்துப் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தணிப்பர். அதன் பிறகும் குழிவு நீடித்தால், வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்துத் தூய்மைப்படுத்திய கொழுப்பை நுண்குழலால் சிறுசிறு அளவாக நிரப்புவர். ஒட்டிய கொழுப்பின் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால், இதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய நேரிடும். தழும்பால் குருதியோட்டம் குன்றிய தோலில் இது முதல் அறுவையைவிட மெதுவாகவும் நிதானமாகவும் செய்யப்பட வேண்டிய வேலையாகும்.

கொழுப்பைக் கரைக்கும் டீஆக்ஸிகோலிக் அமில ஊசிக்கு மோவாய்க்கீழ்க் கொழுப்புக்காக 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருந்தாலும், தழும்பேறி அடுக்குகள் குழம்பியுள்ள கழுத்தில் அது எங்கு பரவும் என்பதைக் கணிப்பது கடினமாதலால், அங்கே எச்சரிக்கை மிகத் தேவை. தொய்ந்த உமிழ்நீர்ச் சுரப்பியின் கீழ்ப்பகுதியை அறுத்தகற்றுவது குறித்து மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தாடையோரம் தெளிவுபெறும் என்பதை ஆதரிப்போர் சுட்ட, ஆழத்தில் குருதிக்கசிவு, கீழுதட்டை இயக்கும் நரம்புக் கிளைக்குச் சேதம், உமிழ்நீர் தேக்கம் ஆகிய ஆபத்துகளை மறுப்போர் முன்வைக்கின்றனர். தோல் மட்டும் தளர்ந்திருப்பின் காதின் பின்னுள்ள பழைய கீறல் வழியாகவே அது மீண்டும் இழுக்கப்படும். நடுக்கோட்டுத் தளர்ச்சி மிகுந்த முதிய ஆண்களிடம் கழுத்தின் முன்னே நேரடியாகத் தோலை நீக்கி, தழும்பு நேர்கோட்டில் சுருங்காதிருக்க, இசட் வடிவில் மடித்துத் தைப்பதுண்டு.

மோவாய் பின்னடைந்திருப்பதால் கோணம் மழுங்கியுள்ளவர்களுக்கு, கழுத்தில் எதையும் நீக்குவதைவிட மோவாயில் உள்பொருத்து வைப்பதோ எலும்பை முன்நகர்த்துவதோ கூடுதல் பயன் தரும். நாவடி எலும்பு இயல்பாகவே தாழ்ந்தும் முன்தள்ளியும் அமைந்தவர்களிடம், கூர்மையான கழுத்துக் கோணம் எந்த முறையாலும் கிட்டாது. அவர்களிடம் அதை அடையும் முனைப்பில் மேலும் மேலும் கொழுப்பு எடுக்கப்பட்டதே பள்ளத்துக்குக் காரணமாக இருந்திருக்கும் என்பதால், மறு அறுவையில் நீக்குவதற்கு இடமில்லை. இழந்த இடத்தை நிரப்புவதும், எட்டக்கூடிய கோணம் எதுவென அறுவைக்கு முன்பே பக்கவாட்டுப் படத்தைக் காட்டி நோயரோடு முடிவுசெய்வதுமே அங்கு மருத்துவர் செய்யக்கூடியவை.