காத்திருக்கும் மின்சாரம்

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அலமாரியின் மேல்தட்டிலிருந்த டார்ச்சைத் துழாவி எடுத்தேன். தானே புயல் கடலூரைச் சிதைத்ததைப் பார்த்துவிட்டு, 2012இல் புது பேட்டரிகளைப் போட்டு எடுத்துவைத்தது. ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அழுத்தினேன்; எரியவில்லை. தண்ணீர் வடிந்த பின்பு, பகலில் அதை முறுக்கித் திறந்தபோது உள்ளே உப்புப் பூத்ததுபோல வெண்பொடி படர்ந்திருந்தது. பயன்படுத்தாத ஒன்று எப்படித் தீர்ந்துபோகும்? அந்தக் கேள்விதான் என்னை உலர் மின்கலத்தின் வரலாற்றுக்குள் இட்டுச்சென்றது.

மின்கலத்தின் வரலாற்றை ஆற்றலைக் கூட்டிய கதையாகவே நாம் வாசிக்கிறோம். அதைச் சும்மா இருக்கப் பழக்கிய கதையாகவும் வாசிக்கலாம். சும்மா இருப்பது எத்தனை அரிது என்று நம் மரபு அறியும். வேதியியலும் அதையே சொல்கிறது.

1866இல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லான்ஷே உருவாக்கிய கலம், நவச்சாரக் கரைசல் நிரம்பிய கண்ணாடிச் சாடி. தந்திக்கும் அழைப்புமணிக்கும் அது போதும். கையில் தூக்கிச் செல்ல முடியாது. ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1886இல் அக்கரைசலைப் பாரிஸ் சாந்தில் குழைத்துத் துத்தநாகக் குவளையில் அடைத்தார். துத்தநாகம் வீணே அரிபடுவதைக் குறைக்கச் சிறிது துத்தநாக குளோரைடையும் சேர்த்தார். ஆனால் அந்தக் குவளையே எரிபொருளும்கூட. மின்சாரம் தரத்தர அது கரைந்து மெலிந்து, ஒருநாள் ஒழுகும்.

1950களில் அமெரிக்காவின் எவரெடி ஆய்வகத்தில் லூயிஸ் அர்ரி அல்கலைன் கலத்தை உருவாக்கினார். துத்தநாகம் தூளாகி உள்ளே போயிற்று. கரையாத எஃகு உறை வந்தது. ஆயினும் உள்ளிருக்கும் காரத்தில் துத்தநாகம் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். அழுத்தம் மிகுந்தால் அடைப்பு விட்டுக்கொடுக்கும். கசியும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து நான் கண்ட வெண்பொடியாகும். நெடுங்காலம் இவ்வாயுவை அடக்கியது பாதரசம். அதன் நஞ்சை அஞ்சி 1990களில் அது விலக்கப்பட்டது. அமெரிக்கா 1996இல் சட்டமே இயற்றியது. தூய்மையான துத்தநாகமும் பிற உலோகக் கலப்புகளும் அதன் வேலையை ஏற்றன.

ஆகவே ஆபத்துக்கென எடுத்துவைக்கும் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு எரியும் என்பதைவிட எவ்வளவு காத்திருக்கும் என்றே கேட்கவேண்டும். மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரி சுவர்க்கடிகாரத்துக்குச் சரி, சேமிப்புக்கு ஆகாது. நல்ல அல்கலைனுக்குப் பத்தாண்டு வரை சொல்கிறார்கள். மீண்டும் சார்ஜ் செய்ய இயலாத, 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு இருபதாண்டு. விலை அதிகம், கசிவு அரிது. சார்ஜ் செய்யும் பழைய நிக்கல் பேட்டரிகள் சில மாதங்களில் வெறுமையாகிவிடும். 2005இல் சான்யோவின் எனலூப் வந்தபின் அக்குறை பெருமளவு நீங்கியது. எதுவாயினும் கருவிக்கு வெளியே, வெப்பம் படாத இடத்தில் வையுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்; முதலில் தீர்ந்ததை மற்றவை எதிர்த்திசையில் உந்திக் கசியவைக்கும்.

இந்தக் கதையில் யாழ்ப்பாணத்துக்கும் இடமுண்டு. 1990களின் முற்பாதியில் இலங்கை அரசின் பொருளாதாரத் தடையில் பேட்டரியும் ஒன்று. எடுத்துவைப்பதற்கே எதுவும் இல்லாத மக்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். காத்திருந்து தீர்ந்துபோக டைனமோவுக்குள் ஒன்றுமில்லை. சுழற்றும் கை இருந்தால் போதும்.

இப்போது என் அலமாரியில் பிரிக்காத உறையில் நான்கு லித்தியம் பேட்டரிகள் இருக்கின்றன. பக்கத்தில் கையால் சுழற்றும் விளக்கு ஒன்றும்.