தாவரவழி நானோ துகள் ஆக்கம்

இலை, பட்டை, கனி போன்றவற்றின் சாற்றால் உலோக உப்புகளை ஒடுக்கி, 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களைப் பெறும் முறை.

1857இல் மைக்கேல் ஃபாரடே தங்க உப்பைப் பாஸ்பரசால் ஒடுக்கிச் செந்நிறக் கூழ்மம் பெற்றார். 1951இல் டர்கெவிச் குழு சிட்ரேட்டைக் கையாண்டது. 1994இல் வந்த பிரஸ்ட்-ஷிஃப்ரின் முறைக்கோ டொலுயீனும் சோடியம் போரோஹைட்ரைடும் தேவைப்பட்டன. பழைய வழிகள் எல்லாமே நச்சு என்று எழுதுவோர் சாதுவான சிட்ரேட்டை மறந்துவிடுகிறார்கள்.

2002இல் எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்டியா-டோரஸ்டே குழு, தங்கம் கலந்த ஊடகத்தில் குதிரைமசாலை வளர்த்தது. உயிருள்ள செடிக்குள்ளேயே தங்க நானோ துகள்கள் உருவாகியிருந்தன. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு முதலில் பூஞ்சைகளை நாடியது. பூஞ்சையை வளர்த்துப் பேண வேண்டும், வினையும் மெதுவாகவே நடக்கும். அக்குழு 2003இல் ஜெரேனியம் இலைக்கு மாறியது. 2004இல் வேப்பிலைச் சாற்றால் தங்கம், வெள்ளி, வெள்ளி போர்த்திய தங்கம் ஆகிய மூவகைத் துகள்களையும் செய்தது. அதே ஆண்டு எலுமிச்சைப்புல் சாறு முக்கோணத் தங்கத் தகடுகளைத் தந்தது.

செய்முறை எளிது. இலையை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தால் கலவை மஞ்சளாகிப் பின் பழுப்பேறும். துகள் பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு ஒத்ததிர்வதால் வரும் நிறம் இது; வெள்ளிக்குரிய உட்கவர் முகடு பெரும்பாலும் 400-450 நானோமீட்டரில் தென்படும். பாலிஃபீனால், டெர்பினாய்டு, சர்க்கரை, புரதம் ஆகியவை அயனிக்கு எலக்ட்ரான் தந்து உலோகமாக்குகின்றன. அவற்றுள் சில துகள்மேல் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காக்கின்றன.

இம்முறையின் பலவீனமும் சாறுதான். மண், பருவம், இலையின் முதிர்ச்சி மாறினால் சாற்றின் கலவை மாறும். துகளின் அளவும் வடிவமும் கூடவே மாறும். எந்தச் சேர்மம் எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்தறியாமல், செடியின் பெயரை மட்டும் மாற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் இத்துறையில் மலிந்துள்ளன.

இரும்பில் இச்சிக்கல் வெளிப்படையானது. வெள்ளியின் ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட், எளிதில் ஒடுங்கும். இரும்புக்கு அது −0.44 வோல்ட், எளிதில் ஒடுங்காது. 2009இல் ராஜேந்தர் வர்மா பங்கேற்ற அமெரிக்கக் குழு, பச்சைத் தேயிலைச் சாற்றால் இரும்பு நானோ துகள்கள் செய்ததாக வெளியிட்டது. தாவரச் சாற்றால் செய்த இரும்புத் துகள்களைப் பின்னர் ஆராய்ந்த சிலர், அவற்றில் இருப்பது உலோக இரும்பு அல்ல, இரும்பும் பாலிஃபீனாலும் பிணைந்த அணைவுச் சேர்மமே என்று கண்டனர்.