குறுக்கீடு: கணினியில் ஒரு பொருள், காணியில் இன்னொரு பொருள்

தமிழில் 'இடை' என்ற சிறு சொல் நிறையச் சுமக்கிறது. இடைவேளை, இடையூறு, இடைநிறுத்தம், இடைமறித்தல், இடைவிலகல் என்று அது ஒட்டிக்கொள்ளும் சொற்கள் பல. படம் ஓடும்போது மின்சாரம் போனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அறிவிப்பு வரும். பெரியவர்கள் கதைக்கும்போது பிள்ளை வாய் திறந்தால் 'குறுக்கே பேசாதே' என்பார்கள். ஷெல்லடிக்குள்ளும் முகாமுக்குள்ளும் படிப்பைத் தொலைத்த பிள்ளையைக் கல்வித் திணைக்களப் பதிவேடு 'இடைவிலகியவர்' என்று எழுதும். விலகியது பிள்ளைதான் என்பது போல ஒலிக்கும் அந்தச் சொல்லை யார் உருவாக்கினார்களோ, அவர்கள் மூதூர்ப் பக்கம் வந்திருக்கமாட்டார்கள்.

கணினித் துறையில் இதற்கு மிகக் கறாரான பொருள் உண்டு. ஆங்கிலத்தில் இன்ரறப்ட் என்பார்கள். தமிழில் இடையீடு, இடைமறிப்பு, குறுக்கீடு என்று ஆளுக்கு ஒருவிதமாக எழுதுகிறோம். இந்தக் கட்டுரையில் குறுக்கீடு என்றே வைத்துக்கொள்வோம்.

கணினியின் செயலி ஒரு கட்டளையை நிறைவேற்றிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. விசைப்பலகையில் நீங்கள் எப்போது ஓர் எழுத்தைத் தட்டுவீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அறிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'தட்டினாரா, தட்டினாரா' என்று ஓயாமல் போய்ப் பார்ப்பது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் முன்னர் துறையடியில் படகுப் பாதைக்குக் காத்திருந்தவர்களுக்கு இது விளங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை கரைக்குப் போய் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை ஒன்றும் நடக்காது. மற்றைய வழி, தேநீர்க் கடையில் இருந்து உங்கள் அலுவலைப் பார்ப்பது. பாதை வந்ததும் யாராவது கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடுதல்தான் குறுக்கீடு.

கூப்பிட்டதும் செயலி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடாது. கையில் இருக்கும் கட்டளையை முடிக்கும். அடுத்து எங்கிருந்து தொடங்கவேண்டும் என்ற முகவரியை நினைவகத்தில் 'அடுக்கு' எனப்படும் பகுதியில் எழுதிவைக்கும். பாதியில் நிற்கும் கணக்கின் எண்கள் பதிவகங்களில் இருக்கும், அவையும் பத்திரப்படுத்தப்படும். பிறகு ஓர் அட்டவணையைப் பார்த்து, வந்த குறுக்கீட்டுக்கு உரிய சிறிய நிரலை ஓட்டும். இன்ரெல் 8086 செயலியில் அந்த அட்டவணைக்கு 256 இடங்கள் இருந்தன. அந்தச் சிறிய நிரலின் கடைசிக் கட்டளை 'திரும்பு' என்பது. முகவரியை எடுத்து, எண்களை எடுத்து, விட்ட இடத்திலேயே வேலை தொடங்கும். 1981 இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினியில் கடிகாரம் மட்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 18 தடவை இப்படிக் குறுக்கிட்டது. ஓடிக்கொண்டிருந்த நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது.

வீட்டை விட்டு இறங்கும்போது எங்கள் ஆட்கள் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாறன்' என்பார்கள். திரும்பும் கட்டளையைப் புறப்படும்போதே சேர்த்துச் சொல்லிவிடுவது நமது வழக்கம்.

எல்லாக் குறுக்கீடும் ஒரே தரமில்லை. முக்கியமான வேலை நடக்கும்போது சிறியவற்றைக் கொஞ்ச நேரம் காதில் போடாமல் இருக்கச் செயலிக்கு வசதி உண்டு. ஆனால் ஒரு வகையை அப்படி ஒதுக்கவே முடியாது. வன்பொருள் பழுதானால் வரும் குறுக்கீடு அந்த வகை. வானத்தில் கிபிர் இரைந்தால் அடுப்பில் சோறு வேகிறதா என்று பார்க்காமல் பங்கருக்குள் இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்போது ஒரு கை பிள்ளையைப் பிடித்தது. மறு கை ஒரு பையைப் பிடித்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, காணி உறுதி எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன. செயலி தன் எண்களை அடுக்கில் வைப்பதும், நமது அம்மாமார் அந்தப் பையைக் கதவருகில் தொங்கவிட்டிருந்ததும் ஒரே காரணத்துக்காகத்தான்.

குறுக்கீட்டைக் கண்டு நிபுணர்களே பயந்த காலம் உண்டு. 1950களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்தவர்கள் அதில் குறுக்கீட்டு வசதியைச் சேர்க்க விரும்பினார்கள். அதற்கு நிரல் எழுதவேண்டியிருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தயங்கினார். எந்தக் கணத்தில் குறுக்கீடு வரும் என்று தெரியாது. ஒரு பிழை நேர்ந்தால் அதே சூழலைத் திரும்ப உருவாக்கிப் பார்க்கவும் முடியாது என்பது அவர் அச்சம். பிறகு அதையே ஆராய்ந்து 1959 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பத்து ஆண்டுகள் கழித்து, 1969 யூலை 20 இல் அப்பலோ 11 நிலவில் இறங்கும் வேளையில் கணினி வேலைப்பளு தாங்காமல் 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அது முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, சேமித்துவைத்த இடத்திலிருந்து முக்கியமானவற்றைத் தொடர்ந்தது. கலம் இறங்கியது.

ஆகக் கணினிக்காரர் பேச்சில் குறுக்கீடு என்றால் மூன்றும் சேர்ந்தது: நிறுத்தம், சேமிப்பு, திரும்புதல். பின்னிரண்டும் இல்லாவிட்டால் அதை அவர்கள் முறிவு என்பார்கள். அரச அறிவித்தல்களில் இந்த வேறுபாடு கிடையாது. அங்கே எல்லாமே 'தற்காலிகம்'.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகக் குடாவின் தென்கரையில் இருக்கும் ஊர். 2006 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய வான், எறிகணைத் தாக்குதல்களால் மக்கள் வெளியேறினார்கள். செப்ரெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் 'தற்காலிக' முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 2012 இல் 818 ஏக்கர் காணி கைத்தொழில் வலயத்துக்கென வர்த்தமானியில் போனது. 2015 மே மாதம் அந்த வர்த்தமானி இரத்தானது. கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கரும் 2016 மார்ச்சில்தான் கையளிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள். திரும்பியவர்கள் கண்டது, விட்டுப்போன வீடோ வேலியோ இல்லாத வெளியை. தன் வளவு எங்கே தொடங்குகிறது என்று காட்டக் கையில் கடதாசி வேண்டியிருந்தது.

இங்கேதான் குறுக்கீடு என்ற சொல் சட்டத்துக்குள் வருகிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தை, சட்டத்தரணிகள் வாயில் 'பிறிஸ்கிறிப்சன்' என்பதை, ஊரில் 'பத்து வருட ஆட்சி' என்பார்கள். உரிமையாளருக்கு எதிராக, இடையூறும் குறுக்கீடும் இல்லாமல் தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஒரு தனியார் காணியை ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம். அரச காணிக்கு இது செல்லாது. அனுமதியோடு குடியிருப்பவரின் ஆட்சியும் சாதாரணமாக இதில் சேராது. ஆனால் உரிமையாளர் இடம்பெயர்ந்து இந்தியாவிலோ முகாமிலோ இருந்தபோது வேறொருவர் வந்து அமர்ந்துவிட்டால்? குறுக்கிட ஆள் இல்லாததால் அந்த ஆட்சி 'குறுக்கீடில்லாதது' ஆகிவிடுகிறது. எங்கள் வாழ்க்கை குறுக்கிடப்பட்ட அதே ஆண்டுகள், மற்றவர் கணக்கில் தடங்கலற்ற ஆண்டுகள். இதைவிடக் குரூரமான சொல் விளையாட்டு சட்டப் புத்தகத்தில் குறைவு.

இதற்குப் பரிகாரமாக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழிசெய்தது. ஓடிய மணிக்கூட்டை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்கு என்றே வரையப்பட்டது. படையினரின் தாக்குதலால் ஓடியவர் தன்னை எந்த வரியில் பொருத்துவது என்ற கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்தது நாட்கணக்கு. 2009 மே 19 இலிருந்து எண்ணினால் 2019 மே மாதத்தில் பத்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வெளிநாட்டில் இருந்துகொண்டு 'எங்கட காணி அங்கேதானே கிடக்கு' என்று நினைப்பவர்கள் இந்தத் திகதியைக் கவனிப்பது நல்லது. அயலவருக்குத் தொலைபேசியில் சொல்லிவைப்பதை நம்பி இருக்கவேண்டாம். ஆட்சியை உரியபடி மீட்பதா, வழக்குத் தாக்கல் செய்வதா என்பதைக் காணிச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு முடிவெடுக்கவேண்டும். ஒவ்வொரு காணியின் கதையும் வேறு.

பையும் உறுதியும் ஓட்டத்தில் தொலைந்திருந்தால், அந்த உறுதியை முடித்த நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்கவேண்டும். பதிவேடு தப்பியிருந்தால் உறுதிப்படுத்திய பிரதியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். தெரியாவிட்டால் காணி இருக்கும் இடத்தையும் பழைய உரிமையாளரின் பெயரையும் வைத்துத் தேடவேண்டும். வீட்டில் மூத்தவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு அந்தப் பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.