தோ பாயோவும் குடும்பநலப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

தோ பாயோ என்னும் பெயருக்குப் பெரிய சதுப்பு நிலம் என்பது பொருள். 'தோ' என்பது ஹொக்கியன் சொல். 'பாயோ' என்பது 'பாயா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. தோட்டங்களும் அத்தாப்புக் குடிசைகளும் நிறைந்திருந்த அந்நிலத்தில் 1960ஆம் ஆண்டுகளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. 1972இல் இங்கிலாந்து அரசியாரே வந்து பார்க்கும் அளவுக்கு அந்நகர் புகழ் பெற்றது. கட்டடங்கள் எழுந்த வரலாற்றைப் பலரும் அறிவர். அவற்றினுள் இடர்ப்பட்ட குடும்பங்களைச் சமூகம் எந்தக் கண்கொண்டு நோக்கிற்று என்பதும் அறியத்தக்க வரலாறே ஆகும்.

சிங்கப்பூரின் சமூகநல இலாகா 1946ஆம் ஆண்டில் தோன்றியது. போர் விட்டுச்சென்ற பசியும் நோயும் தெருவெங்கும் கிடந்த காலம் அது. அடுத்த ஆண்டே சிறுவர்க்கு உணவளிக்கும் நிலையங்கள் திறக்கப்பெற்றன. 1949இல் சிறுவர், இளையர் சட்டம் பிறந்தது. 1952இல் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கமும், 1956இல் வளர்ப்புப் பெற்றோர் திட்டமும் உருவாயின. இவை யாவும் அருளுள்ளத்தின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நின்ற வினா ஒன்றே: "இந்தக் குடும்பத்தில் இல்லாதது யாது?" பசித்த பிள்ளையின்முன் வேறு வினாவுக்கு இடமில்லை. உணவு இல்லையெனில் உணவு தரலாம். ஆனால் ஒரு குடும்பத்தையே 'இல்லாமை'யின் பட்டியலாகக் காணும் வழக்கம், பசி தணிந்த பின்னரும் தொடர்ந்தது.

கம்பத்து வாழ்க்கையை விட்டுத் தோ பாயோவில் குடியேறியவர்கள் குழாய் நீரையும் மின்விளக்கையும் பெற்றனர். அதே வேளையில், பிள்ளையை நம்பி ஒப்படைத்துச் செல்லத்தக்க அண்டை வீட்டுப் பாட்டியைப் பலர் இழந்தனர். நகருக்குள்ளேயே தொழிற்சாலைகள் எழுந்தமையால் தாய்மார் வேலைக்குச் செல்லலாயினர். பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கை அரசின் குழந்தைக் காப்பகங்கள் ஏற்றன. 1977இல் அவற்றைத் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஏற்று நடத்தத் தொடங்கியது.

தோ பாயோவில் பெண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றும் இருந்தது. நீதிமன்ற ஆணையின்படி இளம்பெண்கள் அங்கே தங்கவைக்கப்பெற்றனர். அவர்களுள் சிலரைச் சட்டம் 'பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவர்' என்னும் சொல்லால் குறித்தது. அவ்வில்லம் 2006ஆம் ஆண்டில் வேறிடத்திற்கு மாறிச் சிங்கப்பூர்ப் பெண்கள் இல்லம் எனப் பெயர் பெற்றது. சொல் மாறுவதற்கோ மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் 'குடும்ப வழிகாட்டல் ஆணை' என்னும் பெயர் வந்தது. முன்னைய சொல் பிள்ளையின்மீது முத்திரை குத்தியது. பின்னைய சொல் குடும்பம் முழுவதையும் அழைத்து உட்காரவைக்கிறது. சொல்லின் ஆற்றலை அறிந்த தமிழாசிரியர்க்கு இவ்வேற்றுமையை விளக்க வேண்டுவதில்லை.

இம்மாற்றத்தின் வேர்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் பிள்ளைகள் உறவினரிடமிருந்து பிரிக்கப்படுவதை எதிர்த்துக் குரலெழுப்பினர். அதன் பயனாக 1989ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையைப் பற்றிய முடிவில் உற்றார் உறவினர் கூடிப் பேசும் குடும்ப அவைக்கு இடமளித்தது. அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டென்னிஸ் சாலிபி, குடும்பத்தின் ஆற்றல்களிலிருந்தே சமூகப்பணி தொடங்க வேண்டும் என்னும் நோக்கை 1992இல் நூலாக்கினார். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டர்னெலும் ஸ்டீவ் எட்வர்ட்சும் மூன்று வினாக்களை வகுத்தனர்: கவலை தருவது எது? நன்றாக நடைபெறுவது எது? இனி நிகழ வேண்டுவது எது?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தந்தை குடிக்கு அடிமை. தாய் இரவு வேலைக்குச் செல்பவள். மகன் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை. பழைய பட்டியலில் இம்மூன்றும் குறைகளாக மட்டுமே இடம்பெறும். புதிய நோக்குடைய பணியாளர் மேலும் கேட்கிறார். மற்ற மூன்று நாள் மகனை எழுப்பி அனுப்புபவர் யார்? மூன்றாம் மாடியில் வாழும் அத்தை என்று விடை வருகிறது. தந்தை குடிக்காத நாள் உண்டா? தாய்மாமன் வீட்டுக்கு வரும் நாளில் அவர் குடிப்பதில்லை. அத்தையும் மாமனும் பட்டியலில் ஏறியவுடன் குடும்பத்தின் தோற்றமே மாறுகிறது. தமிழர் உறவுமுறைகளின் வலிமை இங்கே கருவியாகின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. நன்மையைத் தேடும் ஆர்வத்தில் தீமையைக் காணாது விடுவது பெரும்பிழை. அடிபடும் பிள்ளைக்கு அத்தையின் அன்பைச் சான்றாகக் காட்டிக் காலம் கடத்தலாகாது. பிள்ளையின் உயிரும் உடலும் காக்கப்படுதலே முதற்கடன். அதனாலேயே மூன்று வினாக்களுள் கவலையைப் பற்றிய வினாவும் நீக்கப்படவில்லை.

நம் சமூகத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. இந்திய மாணவரின் கல்விப் பின்னடைவு பற்றிய கவலையில் 1991இல் சிண்டா பிறந்தது. கவலையில் பிறந்த அவ்வமைப்பு, உழைக்கும் இந்தியர் மத்திய சேமநிதி வழியே மாதந்தோறும் அளிக்கும் சிறு தொகைகளால் வளர்ந்தது. குறையைக் கண்டது கண். அதனைப் போக்க முனைந்தது சமூகத்தின் சொந்தக் கை.

ஒருவரிடத்துள்ள நற்பண்புகளையும் குற்றங்களையும் ஆராய்ந்து, மிகுதியானது எது என்று கண்டு தெளியுமாறு வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அவர் கூறியது வினைக்கு உரியாரைத் தேர்வது பற்றியே. ஆயினும் குற்றத்திற்கு முன்னே குணத்தை வைத்த அவ்வரிசை முறை குடும்பநலப் பணிக்கும் பொருந்தும், வகுப்பறைக்கும் பொருந்தும். மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதும் ஒரு வரி, நாளை ஒரு பணியாளரின் மேசையை அடையலாம். ஒரு பிள்ளை எங்கே உறங்குவது என்பதை முடிவு செய்வதில் அதற்கும் பங்கிருக்கலாம். அவ்வரியில் அவன் வராத இரண்டு நாட்களோடு, வந்த மூன்று நாட்களும் இடம்பெறட்டும்.