பழைய ஆஸ்டினும் சில கொட்டகைகளும்

மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பெருந்தொழிற்சாலைகளின் வாயிலிலிருந்தே தொடங்குவார்கள். நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அதுவன்று. வீட்டுப் பின்புறத்திலே, ஒரே ஒரு விளக்கின் கீழே, எண்ணெய்க் கறை படிந்த தரையிலே, பழைய வண்டி ஒன்று பிரித்துப் போடப்பட்டிருக்கும் கொட்டகைக்கே அழைத்துச் செல்லப் போகிறேன்.

பொறியியல் பயிலும் மாணவர் சிலர் ஒரு நாள் என்னிடம் வந்தார்கள். “ஐயா, பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் பிரித்துவிட்டோம். அதைப் பிறந்தபடியே திருத்தி வைப்பதா? அல்லது நமக்கு வேண்டிய வேகமும் வசதியும் வரும்படி மாற்றிவிடுவதா?” என்று கேட்டார்கள். கேள்வி எளிதாகத் தோன்றிற்று. விடை எளிதாக வரவில்லை. காரணம், நானும் என் மாணவப் பருவத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்தியவன். புதிய கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்திய மகிழ்ச்சியில், கழற்றிய பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எண்ணியபோது, அந்தச் சிறு பித்தளைத் துண்டு எங்கும் அகப்படவில்லை. ஆகவே மாணவர்களுக்கு நான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. ஆஸ்டின் செவன் என்ற சின்னஞ்சிறு ஆங்கில வண்டியின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அந்த வண்டி பிறந்ததே ஒரு வீட்டில்தான். 1921-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஆஸ்டினின் கம்பெனி கடனில் மூழ்கி நிர்வாகம் பிறர் கைக்குப் போயிருந்தது. சிறிய வண்டி ஒன்றைச் செய்தால் பிழைக்கலாம் என்று அவர் சொன்னதை இயக்குநர்கள் ஏற்கவில்லை. அவர் மனந்தளரவில்லை. வரைபடம் வரையும் ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது இளைஞனை பர்மிங்ஹாமுக்கு அருகிலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். லிக்கி கிரேஞ்ச் என்ற அந்த வீட்டில், பில்லியர்ட்ஸ் ஆடும் அறையிலே, முதியவரும் இளைஞனும் எதிரெதிரே அமர்ந்து அந்த வண்டியை வரைந்தார்கள். செலவு ஆஸ்டினுடைய சொந்தப் பணம். அதற்கு ஈடாக, விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கினி அவருக்கு உரிமைத் தொகை. 1922-இல் வண்டி வெளிவந்தது. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் முதன்முதலில் விற்ற மோட்டார் வண்டியே, உரிமம் பெற்று அங்கே செய்யப்பட்ட ஆஸ்டின் செவன்தான்.

அதன் உடலமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இதிலிருந்தே கிளைக்கிறது. அடிச்சட்டம் ஆங்கில எழுத்தான ‘ஏ’யைப் போன்றது: முன்னே கூர்ந்து, பின்னே விரிந்தது. எஞ்சின் 747 கன சென்டிமீட்டர். நம் நாட்டில் பிற்காலத்தில் ஓடிய மிகச் சிறிய கார்களின் எஞ்சினுக்கு ஒப்பானது. நான்கு சிலிண்டர்கள், ஆயினும் அவற்றின் அசைவையெல்லாம் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டே தாங்கிகள். நடுவில் தாங்குவாரில்லை. ஆதலால் வேகம் மிகும்போது அந்தத் தண்டு மூங்கில் கழிபோல் வளையும். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தது. ஆனால் தொடக்க காலத்தில் மிதிகட்டை பின் சக்கரங்களையும், கைப்பிடி முன் சக்கரங்களையும் பிடித்தன. இரண்டையும் ஒன்றாக இணைத்ததே 1930-இல்தான். பின்புற ஸ்பிரிங் பட்டைகள் அமைந்திருந்த விதத்தால், திருப்பத்தில் உடல் ஒரு பக்கம் சாயும்போது பின் அச்சும் சற்றே திரும்பிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஒன்று நினைக்க, வண்டியின் பின்பாதி வேறொன்று நினைக்கும்!

இத்தனை குறைகளா என்று நீங்கள் எண்ணலாம். குறைகள்தாம், ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகிற குறைகள். ஒரு ஸ்பானரும், ஒரு சுத்தியலும், கொஞ்சம் பொறுமையும் உடையவன் கைக்கு எட்டுகிற குறைகள். நல்ல ஆசிரியர் விடையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் பலகையில் எழுதிவிட்டுப் போவது போல, இந்த வண்டி தன் கணக்குகளைத் திறந்து வைத்திருந்தது.

1929-இல் வடக்கு அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரின் அருகே ஆர்ட்ஸ் என்னும் சாலைச் சுற்றில் பெரும் பந்தயம் ஒன்று நடந்தது. சிறிய வண்டிகளுக்குச் சலுகை தந்து நடத்தும் முறை அது. ஏழு லிட்டர் மெர்ஸிடிஸ் வண்டியில் கரசியோலா வென்றார். மூன்றாம் இடமும் நான்காம் இடமும் முக்கால் லிட்டர் ஆஸ்டின்களுக்குக் கிடைத்தன! அந்த வெற்றியின் நினைவாகவே, தாழ்ந்த உடலும் கூர்ந்த வாலும் கொண்ட பந்தய மாதிரிக்கு ‘அல்ஸ்டர்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அதில் கிராங்க் தண்டுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு செலுத்தப்பட்டது. இந்த அல்ஸ்டர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்ஸ்டர் ஒன்றை வாங்கித் தம் விருப்பப்படி மாற்றியவர்களுள் ஒருவர் அலெக் இஸிகோனிஸ். ஸ்மிர்னா நகரில் பிறந்து, 1922-இல் அகதியாக வெளியேறி, 1923-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். மாற்றி மாற்றிப் பார்த்தும் அவருக்கு நிறைவு வரவில்லை. ஜார்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து, முற்றிலும் புதிய பந்தய வண்டி ஒன்றையே கட்டத் தொடங்கினார். மின்சாரக் கருவிகள் இல்லை. அரமும் ரம்பமும் கைத்துளைக்கருவியும்தாம். வேலை முடிந்தது 1938-இல். பல ஆண்டுகள் பிடித்தன. ஒட்டுப்பலகையின் மேல் அலுமினியத் தகடு பதித்த உடல்; எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர்; எஞ்சின் மட்டும் ஆஸ்டின் செவன். 1959-இல் அவர் வடிவமைத்த ‘மினி’ கார் உலகெங்கும் ஓடியபோது, அதன் சக்கரங்களைத் தாங்கியதும் ரப்பர்தான் என்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

போருக்குப் பிந்திய இங்கிலாந்துக்கு வருவோம். புதிய வண்டிகளில் பெரும்பகுதி அந்நியச் செலாவணி வேண்டிக் கப்பலேறின. சாமானியனுக்குப் புதிய வண்டி எட்டாக் கனி. ஆனால் பழைய ஆஸ்டின் செவன்கள் எங்கும் கிடந்தன. அவற்றை வாங்கி, மேலுடலை எறிந்துவிட்டு, சட்டத்தையும் எஞ்சினையும் கொண்டு புதிய வண்டி செய்வது இளைஞரிடையே ஒரு பெரிய இயக்கமாகவே பரவிற்று. ‘750 கிளப்’ என்ற சங்கம் இவர்களுக்கென்றே பந்தய விதிகளை வகுத்தது.

அந்த நாளில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர் காலின் சாப்மன். செலவுக்காக நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். 1947-இன் இறுதியில் அரசாங்கம் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியது, வாங்குவார் இல்லாமற்போயிற்று. கையிருப்பையெல்லாம் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டபின், விலைபோகாத பழைய ஆஸ்டின் செவன் ஒன்று எஞ்சி நின்றது. விலைபோகாத அந்த வண்டியிலிருந்து பிறந்த பெயர் உலகப் புகழ் பெறப் போகிறது என்று அன்று யார் கண்டார்?

வடக்கு லண்டனில், பின்னாளில் தம் மனைவியான ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், 1948-இல் அவர் அந்த வண்டியைப் பிரித்தார். விமானக் கட்டுமானத்தைப் பற்றி அவருக்கு ஓரளவு தெரியும். மெல்லிய தோல் போன்ற உடலே பாரத்தைத் தாங்கும்படி, அலுமினியம் ஒட்டிய ஒட்டுப்பலகையால் பெட்டி போன்ற உடலைக் கட்டினார். அது பழைய சட்டத்தின் தளர்ச்சியைப் பெரிதும் போக்கிற்று. சேறு நிறைந்த மேடுகளில் ஏறும் போட்டிகளில் ஹேசலைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். வண்டிக்கு ‘லோட்டஸ்’ என்று பெயரிட்டார். தாமரை! சேற்றில் ஓடிய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நம்மவர்கூட வைத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயரின் காரணத்தை அவர் கடைசிவரை வெளியிடவில்லை.

அவருடைய மூன்றாவது வண்டி 1951-இல் ஓடியது. அதில் அவர் செய்த ஒரு தந்திரத்தை மட்டும் விளக்குகிறேன். ஆஸ்டின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி நுழைய இரண்டே வாசல்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வாசல். ஒரு வீட்டில் இரு குடித்தனக்காரர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதைப் போல, ஒன்று இழுக்கும்போது மற்றதன் பங்கு குறையும். சாப்மன் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஒரு தடுப்பை நிறுத்தி, வழியை இரண்டாகப் பிரித்தார். நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனி வழி கிடைத்துவிட்டது. அந்த ஆண்டுப் பந்தயங்களில் மற்றவர்கள் அவரை நெருங்க முடியவில்லை. பின்னர் 750 கிளப் அந்தத் தந்திரத்தை விதியால் தடுத்தது. ஒரு மாணவனுடைய சிந்தனைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று நான் கேட்பதுண்டு. 1952-இல் அவர் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கினார். ஹேசல் கொடுத்த இருபத்தைந்து பவுன்தான் அதன் மூலதனம் என்பர்.

இனி உலகின் மறுகோடிக்குப் போவோம். நியூசிலாந்தில் ஆக்லந்து நகரின் ரெமுவேரா பகுதியில் லெஸ் மக்லாரன் என்பவர் பெட்ரோல் நிலையமும் பழுதுபார்க்கும் பட்டறையும் நடத்தி வந்தார். அவருடைய மகன் புரூஸ் 1937-இல் பிறந்தவன். ஒன்பதாவது வயதில் இடுப்பு எலும்பில் நோய் கண்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தான். நோய் நீங்கியபோது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அந்த நொண்டல் வாழ்நாள் முழுவதும் அவனோடு நின்றது. ஓடியாட முடியாத அந்தச் சிறுவன் முன்னே, 1952-ஐ ஒட்டி, தந்தை ஒரு பழைய வண்டியைப் பிரிந்த துண்டுகளாகக் கொண்டுவந்து போட்டார். அது 1929-ஆம் ஆண்டின் ஆஸ்டின் செவன் அல்ஸ்டர்.

சீர்செய்து விற்றுவிட வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். மகன் விடவில்லை. தந்தையும் மகனுமாக அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். ஓடத் தொடங்கியபின், வீட்டுப் பின்புறத்தில் எட்டு வடிவத்தில் பாதை போட்டுக்கொண்டு அவன் பழகினான். பழையபடி வைத்ததோடு நிற்காமல், எஞ்சினை மேலும் மேலும் திருத்தி வேகத்தைக் கூட்டினான். மீசை அரும்பாத அந்த வயதிலேயே முரிவாய் கடற்கரையில் மேடேறும் போட்டியில் கலந்துகொண்டான். 1959-இல் அமெரிக்கக் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அத்தனை இளம் வயதில் வென்றவர் என்ற பெருமை 2003 வரை அவரிடமே இருந்தது. 1963-இல் தம் பெயராலேயே பந்தயக் குழுவைத் தோற்றுவித்தார். 1970-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் தாமே செய்த வண்டியைச் சோதித்து ஓட்டும்போது விபத்தில் மாண்டார்.

இந்த இடத்தில் என் மாணவர்கள் இடைமறித்தார்கள். “அப்படியானால் மாற்றுவதே சரி என்கிறீர்களா?” என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சாப்மனும் மக்லாரனும் மாற்றிய காலத்தில் அந்த வண்டிகள் பழம்பொருள்கள் அல்ல; வெறும் பழைய வண்டிகள். அவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் எறிந்த மேலுடல்கள் குப்பையாகிவிட்டதால்தான், முழு உடலோடு மிஞ்சிய ஆஸ்டின்கள் இன்று போற்றப்படுகின்றன. இழப்பு உண்மையானது. அதே சமயம், மக்லாரனின் அல்ஸ்டரை இன்று ஒருவர் 1929-இல் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே ஆக்க முனைந்தால் என்ன நேரும்? ஒரு சிறுவனின் அரம் பட்ட இடங்களையெல்லாம் அழிக்க வேண்டிவரும். எதை மீட்கிறோம், எதை அழிக்கிறோம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆதலால் பிரிக்குமுன் படம் எடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் சீட்டுக் கட்டுங்கள், கழற்றியதை எறியாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். பித்தளைக் கார்புரேட்டரை எடைக்குப் போட்டவன் வேறு என்ன சொல்ல முடியும்?

மக்லாரனின் அல்ஸ்டர், இங்கிலாந்தில் வோக்கிங் நகரில் அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் தலைமையகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பளபளக்கும் பந்தய வண்டிகளின் வரிசையிலே, மிதிவண்டிச் சக்கரம் போன்ற ஒல்லியான சக்கரங்களோடு அது நிற்கிறது. சாப்மனின் முதல் வண்டிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அடுத்த வண்டிக்குப் பணம் வேண்டியிருந்ததால், 1950-இல் பத்திரிகையில் விளம்பரம் செய்து அதை விற்றுவிட்டார். லோட்டஸ் அன்பர்கள் பிற்காலத்தில் நெடுகத் தேடினார்கள்; கண்டுபிடித்துத் தருவோருக்குப் பரிசும் அறிவித்தார்கள். வண்டி அகப்படவில்லை. அதன் பதிவு எண் ஓ.எக்ஸ். 9292.